மஞ்சள் இறங்குனது யாரால? கீழாநெல்லி கேள்வி பதில்

போன இதழ்ல தும்பை பத்தி எழுதி முடிக்கிறப்ப, மழை விட்டதும் கீழாநெல்லி கிளம்பும், அடுத்து அதப் பாப்போம்னு சும்மா ஒரு வார்த்தை போட்டு வச்சேன், அவ்வளவுதான், வந்த கடுதாசி, மெயில், வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல கீழாநெல்லிதான். முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் இல்ல வைத்தியரும் இல்ல, முப்பது வருஷம் தாவரவியல் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவன். செடி பத்தி தைரியமா பேசுவேன், நோய் பத்தி படிச்சும் விஷயம் தெரிஞ்சவங்களக் கேட்டும் தெரிஞ்சுகிட்ட வரைக்கும்தான்.

கேள்வி: எங்க காம்பவுண்டு சுவர் ஓரமா புளியங்கன்னு மாதிரி குட்டி குட்டியா செடி முளைச்சிருக்கு. கீழாநெல்லின்னு வீட்டுக்காரர் சொல்றார், இல்லைன்னு நான் சொல்றேன். எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

உங்க வீட்டுச் சண்டைல நான் தலையிடல, செடியையே கேட்டுடலாம். ஒரு கிளையை விரல்ல பிடிச்சு அப்படியே திருப்பிப் பாருங்க. மேல இருந்து பாக்கிறப்ப வெறும் இலைதான் ரெண்டு வரிசையா தெரியும், திருப்புனா அடிப்பக்கம் கடுகை விடக் கொஞ்சம் பெரிய பச்சை உருண்டைங்க வரிசையா தொங்கும், ஒவ்வொரு இலைக்கும் பக்கத்துல ஒண்ணுன்னு. கீழ காய்க்கிறதால கீழ்க்காய்நெல்லி, அது வாய்ல தேஞ்சு கீழாநெல்லி. பேருக்கு மட்டும் நெல்லி இல்ல, ஊறுகாய் போடற பெருநெல்லிக்கு நெஜமாவே சொந்தக்காரச் செடி, ரெண்டும் ஒரே ஃபில்லாந்தஸ் பேரினம். இன்னொரு விஷயம், நீங்க இலைன்னு நெனச்சு கிள்ளறது இலை இல்ல, சின்னக் கிளை. புளிய இலை மாதிரி கூட்டிலையா, அதாவது ஒரே இலை பல சிற்றிலையா பிரிஞ்சதா இருந்தா, சிற்றிலை ஒவ்வொண்ணோட அடியிலயும் பூ வராது, இங்க வருதே! இத வச்சு நான் எத்தனை வருஷம் பசங்கள பரீட்சைல கவுத்திருக்கேன்னு கேக்காதீங்க.

அடுத்தது தண்டை ஒடிச்சுப் பாருங்க. பால் வந்தா அது கீழாநெல்லி கிடையாது, அம்மான் பச்சரிசியோ சித்திரப்பாலாடியோ, கீழே வச்சிடுங்க. பால் வரலன்னாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம், ஏன்னா இதுக்கு அண்ணன் தம்பி நிறைய. தண்டு செவந்து, காய் காம்பே இல்லாம கிளையோட ஒட்டிக்கிட்டு, தொட்டா சொரசொரன்னு இருந்தா செங்கீழாநெல்லி. வழவழன்னு, குட்டியா ஒரு காம்பு வச்சு தொங்குனா நாம தேடுற ஆளு. அடி குறுகி நுனி அகண்ட இலை, அதுவும் பக்கக் கிளைல மட்டும் இல்லாம பெரிய தண்டுலயும் இருந்தா மேலாநெல்லி. அதோட லத்தீன் பேர்ல மதராசப்பட்டினமே இருக்கு, மதராஸ்படென்சிஸ்னு, செடிங்களுக்கு லத்தீன்ல பேர் வச்ச ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் வச்ச பேரு.

போன மாசம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு மஞ்சப்பை நிறைய பறிச்சுட்டு வந்து, சார் எல்லாம் கீழாநெல்லி, நிழல்ல காயவச்சு பொடி பண்ணப் போறேன்னாரு. பேப்பர் விரிச்சு ஒண்ணொண்ணா திருப்பிப் பாத்து பிரிச்சோம். கடைசில நாலு குவியல்! பெரிய குவியல் கீழாநெல்லிதான், மறுக்கல, ஆனா பக்கத்துலயே செங்கீழாநெல்லி ஒரு கைப்பிடி, மேலாநெல்லி கொஞ்சம், கிள்ளுனா பால் வர்ற சித்திரப்பாலாடி ஒரு கொத்து. செடி தெரிஞ்ச மனுஷன், ஆசையா குனிஞ்சு பறிச்சது, அதுலயே இப்படி. 2010ல தென்னிந்தியக் கடைகள்ல கீழாநெல்லின்னு விக்கிற சரக்கை வாங்கி டிஎன்ஏ வரைக்கும் போய்ப் பாத்த ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல சுமாரா நாலுல ஒரு சாம்பிள்ல இருந்தது வேற இனம். பொடியாக்கிட்டா திருப்பிப் பாக்க காய் ஏதுங்க?

பழைய புத்தகங்கள்ல இதுக்கு ஃபில்லாந்தஸ் நிரூரின்னு போட்டிருப்பாங்க. அந்தப் பேரு 1753ல லின்னேயஸ் வச்சது, அது அமெரிக்கக் கண்டத்துச் செடியோடது. நம்ம சுவர் ஓரத்துல நிக்கிறது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ்னா கசப்பு, ஒரு இலையைக் கழுவி மென்னு பாருங்க, பேரு வச்சவர் பொய் சொல்லலைன்னு தெரியும். சாக்கடை ஓரம், ரோட்டோரம், நாய் வந்து போற இடம், மருந்தடிச்ச வயல் வரப்பு இங்கெல்லாம் முளைச்சத மட்டும் மெல்லாதீங்க.

கேள்வி: என் பையனுக்கு ஒம்பது வயசு, கண்ணு மஞ்சளாயிடுச்சு. டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஹெபடைடிஸ் ஏ, ரெஸ்ட் எடுங்க தானா சரியாயிடும்னு அனுப்பிட்டார், பெருசா மருந்தே தரல. மாமியார் கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடுக்கணும், உப்பு புளி எண்ணெய் எதுவும் சேக்கக் கூடாதுங்கறாங்க. யார் பேச்ச கேக்கறது சார்?

அம்மா, மொதல்ல பதறாதீங்க. உங்க டாக்டர் சும்மா அனுப்பல, டெஸ்ட் பண்ணி என்ன காமாலைன்னு பேர் சொல்லிட்டு அனுப்பியிருக்கார். அதுதான் பெரிய வேலை.

மஞ்சக்காமாலைங்கறது ஒரு நோயோட பேரே இல்ல, ஒரு நிறத்தோட பேரு. நம்ம ரத்தத்துல இருக்கிற சிவப்பணு ஒண்ணு சுமாரா 120 நாள் வாழும், அப்புறம் உடையும், உடையறப்ப பிலிருபின்னு ஒரு மஞ்சப் பொருள் வரும், அதக் கல்லீரல் வாங்கி பித்தத்துல கலந்து குடலுக்குத் தள்ளிவிடும். ரத்தத்துல அது சாதாரணமா ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சுத்தி இருக்கும், ரெண்டரை மூணைத் தாண்டுனா கண்ணு வெள்ளைல மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். இப்ப யோசிங்க, இந்த ரூட்ல எங்க அடைச்சாலும் மஞ்சள்தானே. அணு அளவுக்கு மீறி உடைஞ்சாலும் மஞ்சள், கல்லீரல வைரஸ் தாக்குனாலும் மஞ்சள், சாராயம் அரிச்சாலும் மஞ்சள், எலிக்காய்ச்சலும் மஞ்சள், பித்தக்கல் குழாய்ல சிக்குனாலும் மஞ்சள், கணையத்துல கட்டி வந்து அமுக்குனாலும் அதே மஞ்சள். கண்ணப் பாத்து மட்டும் எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, அந்தக் காலத்துப் பாட்டியாலயும் முடியாது, இந்தக் காலத்து எம்டியாலயும் முடியாது.

இதுல ஹெபடைடிஸ் ஏ இருக்கே, கல்லீரல வைரஸ் தாக்குற வகை, அது கெட்ட தண்ணி, கெட்ட சாப்பாடு வழியா வந்து, குழந்தைங்கள கொஞ்ச வாரம் படுத்திட்டு, பெரும்பாலும் ரெண்டு மாசத்துக்குள்ள தானாப் போயிடும். அந்த வைரஸுக்குன்னு தனி மருந்து கிடையாது, அதனாலதான் டாக்டர் ஒண்ணும் எழுதல. கீழாநெல்லிக்கு வந்த பேருல பெரும்பங்கு இங்க இருந்து வந்ததுன்னு நான் நெனைக்கிறேன். எனக்கே பதினோரு வயசுல காமாலை வந்துச்சு, அப்பாயி விடியக்காலைல முழுச்செடியையும் வேரோட பிடுங்கிக் கழுவி அம்மில வச்சு அரைச்சு, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடிக்க வச்சாங்க, ஏழு நாள், கசப்புல நாக்கு மதியம் வரைக்கும் செத்துக் கிடக்கும். மூணாவது வாரம் கண்ணு வெளுத்துருச்சு. அப்பாயி செத்துப் போற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தாங்க, என் கீழாநெல்லிதான் பேரனை எழுப்புச்சுன்னு. கீழாநெல்லி குடிக்காம இருந்திருந்தாலும் மூணாவது வாரம் வெளுத்திருக்குமான்னு கேட்டா, வெளுத்திருக்கும்னுதான் இப்ப தோணுது, ஆனா அத அவங்க கிட்ட சொல்ற தைரியம் எனக்கு கடைசி வரைக்கும் வரல. நீங்களும் மாமியார் கிட்ட சொல்ல வேண்டாம்.

அப்ப குடுக்கலாமா? டாக்டர் கிட்ட மறைக்காம சொல்லுங்க, அவர் சரின்னா ஒரு பட்டம் வாங்கின சித்த மருத்துவர் கிட்ட அளவு கேட்டுக் குடுங்க, பையன் வேற எதாவது மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லுங்க. வேண்டாம்னா விட்ருங்க, பையன் அதனால கெட்டுப்போக மாட்டான். குடுத்தா செடிய நல்லா கழுவணும், மோர் கலக்கற தண்ணி தளதளன்னு கொதிச்சு ஆறுன தண்ணியா இருக்கணும். காமாலை வந்த தண்ணியையே திரும்ப மோர்ல கலந்து மருந்துன்னு குடுக்கற கூத்து நடக்குது. காமாலைக்குக் குளிர்ச்சின்னு ரோட்டோரக் கரும்புச்சாறை ஐஸ் போட்டு வாங்கித் தர்றதும் இதே கதைதான்.

பத்தியத்துலதான் எனக்கு மாமியாரோட சண்டை. பசியே எடுக்காத பையனுக்கு உப்பில்லாத, புளியில்லாத, எண்ணெயில்லாத கஞ்சிய நீட்டுனா அவன் என்னத்த சாப்பிடுவான்? எண்ணெய் பலகாரத்தப் பாத்தா அவனுக்கே கொமட்டும், அத வேணாம்னா விடுங்க, மத்தபடி வயிறு ஏத்துக்கிறத, இட்லியோ பருப்பு சாதமோ முட்டையோ, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. காய்ச்சல் மாத்திரை கூட டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது, பாராசிட்டமால் ஓவரானா அதுவும் கல்லீரலத்தான் அடிக்கும். வீட்ல எல்லாரும் சோப்பு போட்டு கை கழுவுங்க, மஞ்சள் தெரியறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட இருந்து வைரஸ் வெளிய வர ஆரம்பிச்சிருக்கும், அதனால மத்த பிள்ளைங்களுக்கு தடுப்பூசி வேணுமான்னு டாக்டர கேளுங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, பையன் சம்மந்தமில்லாம பேசறான், பகல்ல தூங்கி வழியறான், ஈறுல ரத்தம் வருது, நிக்காம வாந்தி எடுக்கறான், இதுல எது நடந்தாலும் கீழாநெல்லி, பத்தியம், நல்ல நாள் எதையும் பாக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரி.

கேள்வி: எனக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். கீழாநெல்லி 30 நாள் சாப்பிட்டா நெகட்டிவ் ஆகிடும், வெளிநாட்டு ஜர்னல்லயே வந்திருக்குன்னு ஒரு மெசேஜ் சுத்துது. உண்மையா?

பாதி உண்மை, அதான் ஆபத்து. ஜர்னல்ல வந்தது நெஜம், லான்செட்ங்கற பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல, 1988ல. சென்னைல தியாகராஜன் குழுவினர் பண்ணுனது, கூட இருந்தவர் பரூக் ப்ளம்பர்க், ஹெபடைடிஸ் பி வைரஸ் கண்டுபிடிப்புக்காக 1976ல நோபல் வாங்கினவர், அவர் பொறந்த ஜூலை 28தான் இப்ப உலக ஹெபடைடிஸ் நாள். வைரஸ் உடம்புல தங்கிப்போனவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி குடுத்தாங்க, 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல இருந்த வைரஸ் அடையாளம், மேற்பரப்பு ஆன்டிஜென், மறைஞ்சுச்சு. வெறும் போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுச்சு. அப்ப தாவரவியல் டிபார்ட்மெண்டுகள்ல இருந்த கொண்டாட்டம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் கூட கிளாஸ்ல செடிய தூக்கிக் காட்டி நெஞ்ச நிமித்தினேன்.

மெசேஜ் அனுப்பறவங்க இதோட நிறுத்திடறாங்க. அதுக்கு அப்புறம் தாய்லாந்துல பண்ணிப் பாத்தாங்க, 1990ல அதே லான்செட்ல வந்துச்சு, அங்க வேலை செய்யல. பின்னால 2011ல பல ஆய்வுகளையும் ஒண்ணா வச்சு அலசி வந்த காக்ரேன் தொகுப்பும், நம்பிச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னுதான் சொல்லுச்சு. ஏன் ஒரு இடத்துல பலிச்சு இன்னொரு இடத்துல பலிக்கலன்னா, செடி வேறயா, மண்ணு வேறயா, ஆளுங்க வேறயான்னு பேசிக்கிட்டே போகலாம், உங்களுக்கு அது வேண்டாம். உங்களுக்கு வேண்டியது கல்லீரல் டாக்டர், வைரஸ் எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட், மாத்திரை தேவையா இல்ல கண்காணிச்சா போதுமான்னு ஒரு முடிவு. நல்ல மாத்திரைங்க இருக்கு. ஆரம்பிச்சா நீங்களா நிறுத்தக் கூடாது, நிறுத்துனா வைரஸ் திடீர்னு சீறும். மனைவி, பிள்ளைங்களுக்கு டெஸ்ட் பண்ணி, வைரஸ் இல்லாதவங்களுக்கு தடுப்பூசி போட்ருங்க. சாராயம் ஒரு சொட்டு கூட வேண்டாம்.

கேள்வி: காமாலைக்கு மந்திரிச்சு கை கழுவ வச்சா தண்ணி மஞ்சளா இறங்குது, நானே கண்ணால பாத்தேன். இதுக்கு என்ன சொல்றீங்க?

நானும் பாத்திருக்கேன், நல்லாத்தான் இருக்கும் பாக்க. மாமரப் பட்டைச் சாறு கைல பட்டு, சுண்ணாம்புத் தண்ணில கழுவுனா மஞ்சள் இறங்கும், இது ரசாயனம். அடுத்த தடவை போறப்ப காமாலையே இல்லாத ஒரு ஆளக் கூட்டிட்டு போய், அவர் கையையும் அதே மாதிரி கழுவச் சொல்லுங்க. தண்ணி அங்கயும் மஞ்சளாகும்.

கை கழுவறதோட விட்டா நான் பேசாம இருந்திடுவேன். கைல சூடு வைக்கிறது, மூக்குல சாறு விடறது, கண்ணுல பச்சிலை பிழியறது, இதெல்லாம் நிறுத்தணும். கண்ணுல விடுற சாறுல கிருமி இருந்தா கருவிழி புண்ணாகிப் பார்வையே போகும். பொறந்த குழந்தைக்கு மஞ்சள்னு ஒரு பாட்டி எழுதியிருக்காங்க, ஒரு சங்கு கீழாநெல்லிச் சாறு குடுக்கலாமான்னு. வேண்டாம் பாட்டி, ஒரு சொட்டு கூட வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள மஞ்சள் தெரிஞ்சா அவசரம், அளவு ஏறுனா பிலிருபின் மூளைல போய் படியும். ஆஸ்பத்திரில நீல வெளிச்சத்துல வைப்பாங்க, அந்த வெளிச்சம் தோல்ல இருக்கிற பிலிருபினை உடம்பு வெளிய தள்ளக்கூடிய வடிவத்துக்கு மாத்திடும். கர்ப்பமா இருக்கற பொண்ணுங்களுக்கு காமாலைன்னாலும் அதே அவசரம்தான், ஹெபடைடிஸ் ஈ வைரஸ் கடைசி மூணு மாசத்துல உயிருக்கே உலை வைக்கும்.

கேள்வி: சிறுநீரகக் கல்லு கரைய கீழாநெல்லி சாப்பிடலாமா? சர்க்கரை மாத்திரையும் எடுக்கறேன்.

பிரேசில்ல இந்தச் செடி வகைக்குப் பேரே கல்லுடைக்கி, அவங்க பாஷைல கெப்ரா பெட்ரா. நம்ம ஊர்லயும் நீர்க்கடுப்புக்கு, நீர் சுருக்குக்கு கசாயம் வச்சுக் குடிக்கிற வழக்கம் ரொம்ப நாளா உண்டு, நீர் நல்லா பிரியும்னு சொல்வாங்க. பிரேசில்ல சின்ன அளவுல பண்ணுன ஒரு ஆய்வுல, சிறுநீர்ல கால்சியம் அதிகமாப் போறவங்களுக்கு அது கொஞ்சம் குறைஞ்சுது, அதாவது புதுசா கல் சேர்றதத் தடுக்க உதவலாம்ங்கற மாதிரி. ஏற்கெனவே கெட்டியா உக்காந்திருக்கற கல்ல இது உடைச்சுத் தள்ளிடும்னு நம்பி நாள் கடத்தாதீங்க, வலியோட குளிர் காய்ச்சல் வந்தா கசாயம் கொதிக்கிற வரைக்கும் கூட காத்திருக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க இத தினமும் எடுத்தா சர்க்கரை எதிர்பார்த்தத விட இறங்கலாம், டாக்டர் கிட்ட கேக்காம தொடங்காதீங்க.

கேள்வி: கீழாநெல்லி எண்ணெய் தேச்சா முடி வளருமா?

கீழாநெல்லித் தைலம் தலைக்குத் தேச்சுக் குளிக்கிறது பழைய பழக்கம், குளிர்ச்சியா இருக்கும்பாங்க. அப்பாயி எனக்கும் தேச்சுவிட்டாங்க, என் ஃபோட்டோ மேல போட்டிருக்காங்க, நீங்களே பாத்துக்குங்க.

கேள்வி: தாத்தா, நான் நாலாம் வகுப்பு படிக்கிறேன். சாயங்காலம் எங்க வீட்டு கீழாநெல்லி இலைய மூடிக்குது. அது தூங்குதா?

இந்தத் தடவை வந்ததுலயே எனக்குப் புடிச்ச கேள்வி இதுதான்டா கண்ணு. தொட்டாச்சிணுங்கி தொட்டா மூடும், இது தொட்டா மூடாது, பொழுது பாத்து மூடும். இதோட தம்பி செங்கீழாநெல்லி இருக்குல்ல, அதுல இலைய மூட வைக்கிற ஒரு பொருள், தெறக்க வைக்கிற ஒரு பொருள்னு ரெண்டையும் ஜப்பான்ல பிரிச்சு எடுத்திருக்காங்க. நம்மள மாதிரி கண்ண மூடித் தூங்கறது இல்ல, ஆனா ராத்திரின்னு அதுக்குத் தெரியுது.

நீ ஒண்ணு பண்ணு. நல்லா முத்தின காய் நாலஞ்சு பறிச்சு ஒரு வெள்ளைத் தாள்ல வச்சு வெயில்ல காயவிடு, மேல ஒரு கண்ணாடி டம்ளரக் கவுத்து வச்சிரு, இல்லன்னா எங்கயோ பறந்துடும். காஞ்சதும் டப்புன்னு வெடிக்கும், காயில மூணு அறை, அறைக்கு ரெண்டு விதை. எல்லாத்தையும் எண்ணிப் பாத்து கணக்கு சரியா வருதான்னு எனக்கு எழுது.